பெங்களூரு ஏரிகளில் நாட்டு மீன்களைக் காப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: "ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு மீன் குஞ்சு வாங்கி விட்டால் என்ன?" நல்ல எண்ணம்தான். ஆனால் விட வேண்டாம். குஞ்சுகள் போதாமல் நம் ஏரிகளில் நாட்டு மீன்கள் அருகிப்போகவில்லை. மூச்சுவிட ஆக்சிஜன் உள்ள தண்ணீர், முட்டையிட ஆழமில்லாத கரையோரம், மழைக்காலத்தில் ஏறி இறங்க ஒரு வாய்க்கால், இந்த மூன்றும் போனதால்தான் அவை போயின. இவற்றைத் திருப்பிக் கொடுத்தால் மீன் தானே பெருகும். கொடுக்காமல் கொண்டுவந்து விடும் மீன் செத்துப்போகும், இல்லாவிட்டால் பிழைத்து மற்ற மீன்களை அழிக்கும்.

அல்சூர், மர்பி டவுன், ஜக்கூர், மடிவாளா என்று எந்தப் பக்கம் இருந்தாலும் நாலைந்து பேர் சேர்ந்தால் கீழே உள்ளதைச் செய்ய முடியும். வரிசை முக்கியம். முதல் மூன்று படிகளை முடிக்காமல் நான்காவதைத் தொடாதீர்கள்.

முதல் படி: ஏரித் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் மேல் இருக்கும் ஊர். இங்கிருந்து மூன்று பெரிய பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கும் ஹெப்பால் பள்ளத்தாக்கும் தட்சிண பினாகினியில் சேர்கின்றன. அதுதான் எல்லை தாண்டியதும் நம் தென்பெண்ணை. ஒசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எல்லாம் தாண்டிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. மேற்கே விருஷபாவதி, பைரமங்கலா ஏரி வழியாக அர்க்காவதிக்குப் போகிறது. அர்க்காவதி கனகபுராவுக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியோடு சேர்கிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நகர ஏரிகளில் எஞ்சியிருக்கும் மீன்களில் பெரும்பாலானவை எங்கும் காணப்படும் சாதாரண வகைகள். உண்மையிலேயே அழிவின் விளிம்பில் இருப்பவை கீழே, ஆற்றில் இருக்கின்றன. காவிரியின் திமில் மஹ்சீர் என்ற பெரிய ஆற்றுக் கெண்டை உலகில் வேறெங்கும் கிடையாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது மிக மிக அருகிய இனம். செதில்களில் கரும்பட்டைகளும் முதுகுத் துடுப்பில் நீண்ட இழைகளும் கொண்ட அருளியஸ் கெண்டையும் காவிரிப் படுகைக்கே உரியது, அதுவும் அருகிய இனம். வாளை பல மாநிலங்களில் இருந்தாலும் அதையும் அழியக்கூடிய இனமாகச் சேர்த்துவிட்டார்கள். நாம் ஏரியில் எதைக் கலக்கவிடுகிறோமோ, எந்த மீனை விடுகிறோமோ, அது ஒரு பெருமழையில் அவற்றின் வீட்டுக்குப் போய்விடும்.

சரி, செய்ய வேண்டியது: மாநகராட்சியின் வரைபடத்தையோ செயற்கைக்கோள் படத்தையோ வைத்துக்கொண்டு உங்கள் ஏரிக்கு மேலே எந்த ஏரி, கீழே எந்த ஏரி, நடுவில் ராஜகால்வாய் (பெரிய மழைநீர்க் கால்வாய்) எப்படிப் போகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். பிறகு அந்த வழியே நடந்து பாருங்கள். சாக்கடைக் குழாய் எங்கெல்லாம் கால்வாயில் வாய் வைத்திருக்கிறது என்று குறியுங்கள். அந்தத் தாள்தான் இனிமேல் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இரண்டாம் படி: இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாமாக வலை வீசக்கூடாது. ஏரியில் மீன் பிடிக்க மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள மீனவரோடு பேசி, விடியற்காலையில் அவர் வலையை இழுக்கும்போது கூட இருந்து பார்ப்பதே நல்ல வழி. அவருக்குத் தெரிந்ததில் பாதி கூட நமக்குத் தெரியாது. பத்து வருடத்துக்கு முன்பு எது கிடைத்தது, எது கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய கணக்கு எதுவும் இல்லாத ஏரிக்கு அவர் ஞாபகமே ஆவணம்.

வலையில் வருபவை பெரும்பாலும் விற்பனைக்கு என்று விட்டவை: கட்லா, ரோகு, மிருகால், சாதாக் கெண்டை, புல் கெண்டை. அப்புறம் ஜிலேபி, எங்கு பார்த்தாலும் ஜிலேபி. நாம் தேடுவது வலைக் கண்ணில் தப்பிப்போகும் சின்னதுகளை. கரையோரப் புல்லுக்குள், கோரைத் தூருக்குள், சேற்று ஓரத்தில் அவை இருக்கும். அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு கைவலையைப் புல்லடியில் மெதுவாகச் செலுத்தித் தூக்கிப் பாருங்கள். நல்ல ஏரியாக இருந்தால் அயிரை நெளியும், உளுவை ஒட்டிக்கொண்டு வரும், சிறு கெண்டைகள் துள்ளும், மீசையோடு கெளுத்திக் குஞ்சு வரும். தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும் ஒரு சிறு மீன் நீர்ப்பரப்பை ஒட்டியே நிற்கும். அதைத் தமிழில் முண்டக்கண்ணி என்பார்கள். கொசுப்புழுவை அது தேடித் தின்னும். அது இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

மீனைத் தொடுவதற்கு முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை பட்டால் உடம்பின் வழுவழுப்பு போய்ப் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் உள்ள வெள்ளைத் தட்டில் பக்கவாட்டில் வைத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, துடுப்புகள் விரிந்த நிலையில் ஒரு படம். உடனே திரும்ப விட்டுவிடுங்கள். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியிலோ இந்தியப் பல்லுயிர்த் தளத்திலோ ஏற்றினால், மீன் தெரிந்தவர்கள் பெயர் சொல்லித் திருத்துவார்கள்.

பெயர் சரியாக இருப்பது சின்ன விஷயம் இல்லை. திமில் மஹ்சீரைத் தூண்டில்காரர்கள் நூறாண்டுக்கு மேலாக அறிவார்கள். 1946-ல் கபினியில் 120 பவுண்டு எடையில் ஒன்று பிடிபட்டிருக்கிறது. ஆனால் அது எந்த இனம் என்பது 2018 வரை அறிவியல்படி உறுதியாகவில்லை. அந்த ஆண்டுதான், கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 2007-ல் விவரிக்கப்பட்ட டோர் ரமாதேவி என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் பிறகே சிவப்புப் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது.

மூன்றாம் படி: விடியற்காலைத் தண்ணீரைச் சோதியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மீன் சாவின் பெரும்பகுதி ஆக்சிஜன் குறைவதால் வருகிறது, ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில் வருகிறது.

25 டிகிரி வெப்பத்தில், பெங்களூருவின் உயரத்தில், ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து தாங்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் ஏழரை மில்லிகிராம். சாக்கடை கலந்த ஏரியில் பாசி மண்டிப் பச்சையாக இருக்கும். பகலில் அந்தப் பாசி வெயிலில் ஆக்சிஜனை உமிழும். மத்தியானம் அளந்தால் பத்துக்கு மேல் கூடக் காட்டும். இரவில் அதே பாசியும் அடிச்சேற்றின் பாக்டீரியாவும் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்சும். விடிவதற்குச் சற்று முன்பு அளவு பூஜ்யத்தை நெருங்கலாம். பகல் பதினொரு மணிக்கு எடுத்த மாதிரியை வைத்து "ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது" என்று எழுதுவது மீனுக்கு எந்த உதவியும் செய்யாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன்வளர்ப்புக்கும் காட்டுயிருக்கும் ஏற்ற நீர் என்று வகுத்த 'டி' வகுப்பில் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 6.5 முதல் 8.5 வரை, நச்சான தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்குள். இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதிகாரிகளிடம் பேசும்போது "தண்ணீர் நாறுகிறது" என்பதைவிட இவை வேலை செய்யும்.

அளக்க மின்னணுக் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ரசாயனப் பெட்டி போதும். குறுகிய கழுத்துக் கண்ணாடிக் குப்பியைக் குமிழி இல்லாமல் தண்ணீருக்கடியிலேயே நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்து மூடித் தலைகீழாகத் திருப்ப வேண்டும். உள்ளே பழுப்பு நிறத்தில் மேகம் போல் திரண்டு இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றுவிட்டால் கிட்டத்தட்ட இல்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒருமுறை காட்டுங்கள்; ரசாயனத்தைத் தொடுவது பெரியவர்கள் மட்டும், கையுறையோடு.

அம்மோனியாவையும் பி.எச்.சையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். பி.எச். 7-ல் மொத்த அம்மோனியாவில் நச்சான தனி அம்மோனியா அரை சதவீதம்தான் இருக்கும். பாசி மண்டி பி.எச். 9-க்கு ஏறும் மத்தியான வேளையில், 25 டிகிரி வெப்பத்தில், அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். காலையில் மூச்சு முட்டல், மத்தியானம் நஞ்சு. ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மட்டும் மிஞ்சும் ஏரிகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

மாதம் ஒருமுறை அளந்தால் போதும், ஒரு காலம் தவிர. ஏப்ரல், மே கோடை மழை. பல மாதம் ராஜகால்வாயில் தேங்கிய கழிவை முதல் மழை மொத்தமாக ஏரிக்குள் தள்ளும், அடிச்சேறும் கலங்கும். அந்த வாரத்தில் தினமும் விடியலில் போய்ப் பாருங்கள். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தது பலருக்கு நினைவிருக்கும்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் அங்கேயே நேரத்தை எழுதிப் படம் எடுங்கள். பெரிய மீன்கள் முதலில் சாகின்றன என்றால் ஆக்சிஜன் குறைவு என்று சந்தேகிக்கலாம். சிறிசு பெரிசு எல்லாம் ஒரே நேரத்தில் சாகின்றன என்றால் ரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சுத்தமான பாட்டிலில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி ஐஸில் வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் அன்று காலையே தகவல் போக வேண்டும். மத்தியானம் சொன்னால் ஆதாரம் வெயிலில் போய்விடும்.

நான்காம் படி: சாக்கடையை நிறுத்துவது

நீரூற்று, காற்றுக் குமிழிக் கருவி, மிதக்கும் தோட்டம் என்று விற்க வருகிறவர்கள் நிறைய. ஒரு நெருக்கடியில் மீனைக் காப்பாற்றக் காற்றுக் கருவி உதவும், மறுக்கவில்லை. ஆனால் தினமும் கழிவுநீர் வந்துகொண்டிருந்தால் அவை போதவே போதா. முதல் படியில் குறித்த குழாய்களை ஒவ்வொன்றாகக் குடிநீர் வடிகால் வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள். அதற்கு முன் நம் அடுக்குமாடியின் சுத்திகரிப்பு நிலையம் இரவிலும் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். மின்கட்டணத்துக்காக அதை நிறுத்திவைக்கும் சங்கங்கள் உண்டு.

ஜக்கூர் ஏரியைப் போய்ப் பாருங்கள். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர் நேரே ஏரிக்குள் விழாமல், செடிகள் நிறைந்த ஈரநிலத்தின் வழியாக மெதுவாக நடந்து வருகிறது. சுத்திகரிப்புக்குப் பிறகும் நீரில் தங்கும் நைட்ரஜன், பாஸ்பரஸில் ஒரு பங்கைச் செடி எடுத்துக்கொள்கிறது. ஆனால் செடியை அவ்வப்போது அறுத்து வெளியே கொண்டுபோக வேண்டும். அங்கேயே மக்கவிட்டால் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகாயத் தாமரைக்கும் இதே கதிதான்: பிடுங்கிக் கரையில் போட்டால் முதல் மழையில் சாறு உள்ளே இறங்கும்.

ஐந்தாம் படி: கரையைச் சரிவாக்குங்கள்

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஏரி "புனரமைப்பு" செய்யும் முறை. சுற்றிலும் நடைபாதைக்காகக் கரையைச் செங்குத்தாக உயர்த்தி, கல் பதித்து, உள்ளே ஒரே ஆழமாகத் தோண்டிவிடுகிறார்கள். தண்ணீர் நிறைய நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். மீனுக்கு அதில் வாழ இடம் இல்லை. சிறு கெண்டை முட்டையிடுவதும், குஞ்சுகள் ஒளிவதும், தவளையும் தும்பியும் இனம் பெருக்குவதும் முழங்கால் ஆழத்துக்குள் இருக்கும் புல் விளிம்பில்தான்.

ஐந்து அடி உள்ளே போனால் ஓர் அடி இறங்கும் சரிவாவது வேண்டும், பத்துக்கு ஒன்று என்றால் இன்னும் நல்லது. முழுக் கரைக்கும் முடியாவிட்டால் நீர் உள்ளே வரும் பக்கம் மட்டுமாவது கேட்டு வாங்குங்கள். அங்கே கோரை, அல்லி, நீருக்கடியில் வேலம்பாசி வளரட்டும். சம்பு தானாக வரும். சத்து அதிகமான தண்ணீரில் எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதால் வருடம் ஒருமுறை பாதியைக் கழிக்க வேண்டும். புல் கெண்டை விட்டிருக்கும் ஏரியில் நீர்ச்செடி நிற்காது. சாதாக் கெண்டை சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும், வெளிச்சம் போகாமல் செடி முளைக்காது. இந்த இரண்டையும் புதிதாக விட வேண்டாம் என்று குத்தகை விடும்போதே மீன்வளத் துறையிடம் மனுக் கொடுங்கள்.

தூர் வாருவதாக இருந்தால் ஏரியை ஒரேயடியாக வற்றவிடக் கூடாது. பாதி பாதியாகச் செய்யச் சொல்லுங்கள். ஒரு பள்ளத்தில் தண்ணீர் தங்கட்டும், கோடையில் விராலும் கெளுத்தியும் அதில்தான் உயிர் பிடித்திருக்கும்.

ஆறாம் படி: விராலைக் காவல் வையுங்கள்

மழைக்காலத்தில் கரையோரம் கவனித்தால், நீர்ப்பரப்பில் செம்மஞ்சளாக ஒரு கூட்டம் கொதிப்பதுபோல் மேலே வந்து வந்து போகும். அவை விரால் குஞ்சுகள், காற்றை விழுங்க வருகின்றன. அடியில் கருத்த உடம்போடு தாயும் தந்தையும் நிற்கும், யார் கிட்டே போனாலும் பாயும். அந்தக் கோபத்தையே வைத்துத்தான் அவற்றைத் தூண்டிலில் பிடிக்கிறார்கள். பெற்றவை போனால் கொஞ்ச நேரத்தில் குஞ்சுக் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரை.

குஞ்சுக் கூட்டத்தோடு நிற்கும் விராலைத் தொடுவதில்லை என்று மீனவர்களோடும் தூண்டில்காரர்களோடும் பேசி ஒரு வழக்கம் ஏற்படுத்துங்கள். "அண்ணா, இதைக் குஞ்சு பிரிந்த பிறகு பிடித்துக்கொள்ளலாமே" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் கேட்பார்கள், அவர்களுக்கும் அடுத்த வருட வருமானம் அது. விராலுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஜிலேபிக் குஞ்சுகளை அது வேட்டையாடும். மீன் பண்ணைகளிலேயே அதை இதற்காகப் பயன்படுத்துவது உண்டு.

ஏரியில் ஒரு மூலையை வலை போடாத இடமாக ஒதுக்குவது அடுத்த படி. சிருங்கேரியில் துங்கைக் கரையிலும், சிசிலாவில் கோயில் படித்துறையிலும் மஹ்சீர்கள் பெரிதாக வளர்ந்து திரிவது பக்தியால் கிடைத்த பாதுகாப்பு. கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலில் மீனவர்களே மீன் புகலிடங்களை வைத்திருக்கிறார்கள். உங்கள் ஏரிக்கரை அம்மன் கோயில் பக்கத்து மூலையை ஒதுக்கினால் காவலுக்குத் தனி ஆள் வேண்டாம். பொரி, பிரெட் போடுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், அது அழுகி ஆக்சிஜனைத் தின்னும்.

ஏழாம் படி: அந்நிய மீன்களை நிறுத்துவது

ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. பெண் மீன் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும், வருடம் முழுக்கப் பெருகும். ஆழமில்லாத சேற்றில் தட்டுப்போல் வட்டக் குழிகள் தெரிந்தால் ஆண் ஜிலேபி கூடு கட்டியிருக்கிறது என்று அர்த்தம். முழுவதும் ஒழிக்க முடியாது. நிறையப் பிடித்து நிறையச் சாப்பிடுவதே வழி. ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட மீன். நம் நாட்டுக் கெளுத்திபோல் மீசை இருந்தாலும் ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். வலையில் வந்தால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். தூர் வார ஏரி வற்றும் காலமே இவற்றைப் பிரித்தெடுக்க நல்ல வாய்ப்பு.

மூன்றாவது, வீட்டுத் தொட்டியில் கண்ணாடி நக்கும் டேங்க் கிளீனர். பெரிதாகிவிட்டது என்று ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதன் உடம்பு எலும்புத் தகடு, வலையைக் கிழிக்கும், கரையைக் குடையும், வாங்க ஆள் இல்லை. வேண்டாத தொட்டி மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பக்கத்துப் பள்ளியில் இதை மட்டும் பேசினாலே பாதி வேலை முடியும்.

கொசுப்புழுவைத் தின்ன விடும் கம்பூசியா என்ற மீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1928-ல் கொண்டுவந்தார்கள். தவளைக் குஞ்சையும் மற்ற மீன்களின் முட்டையையும் தின்னும், துடுப்பைக் கடிக்கும். டெங்குக் கொசு வளர்வது வீட்டுத் தொட்டியிலும் டயரிலும், மற்றக் கொசு பெரும்பாலும் தேங்கிய சாக்கடையில். மீன் உள்ள திறந்த ஏரிக்குக் கம்பூசியா தேவையே இல்லை. சுகாதாரத் துறையினர் வந்தால் முண்டக்கண்ணி இருக்கும் படத்தைக் காட்டிப் பேசுங்கள்.

எட்டாம் படி: நல்லெண்ணத்தில் கூட மீன் விடாதீர்கள்

காவிரிக்கு நடந்ததைச் சொல்கிறேன். மஹ்சீர் குறைகிறதே என்று 1970-களில் இருந்து, மகாராஷ்டிரத்து லோனாவாலா குஞ்சுப் பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீரைக் காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். அது வேறு இனம். சில பத்தாண்டுகளில் ஆறு முழுவதும் அதுவே நிறைந்தது. திமில் மஹ்சீர் தூண்டிலில் வருவது அரிதாகிவிட்டது. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்தல் எல்லாம் சேர்ந்தே அதை வீழ்த்தின, ஆனால் காப்பாற்ற விட்ட மீனும் அதில் ஒரு காரணம். இன்று திமில் மஹ்சீர் தங்கியிருக்கும் முக்கிய இடங்களில் ஒன்று நம் மோயாறு.

மேல் ஏரியையும் கீழ் ஏரியையும் இணைக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். ஏரி நிறைந்தால் நீர் வழியும் கலங்கின் செங்குத்துச் சுவரில் கல் அடுக்கிச் சரிவு அமைத்தால் சிறு மீன்கள் மழையில் மேலே ஏறும். கீழ் ஏரியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி இருந்தால் அதுவும் ஏறும். அப்படியானால் இணைப்பைத் தள்ளிப்போடுங்கள்.

ஒன்பதாம் படி: எழுத்தில் ஏற்றுங்கள்

2002 உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு அதன் பொறுப்பு. உங்கள் ஏரியின் மீன் பட்டியலைப் படங்களோடு அதில் சேர்க்கச் சொல்லிக் கன்னடத்தில் மனு எழுதுங்கள். அக்கம்பக்கத்துக் கன்னட நண்பர்களையும் கையெழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரியில் அடுத்த வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது, "இங்கே இன்னின்ன மீன் இருக்கிறது" என்று காட்ட ஒரு தாள் இருக்கும். பதில் வராவிட்டால் 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

கணக்கு நோட்டில் நான்கு விஷயம் போதும்: விடியல் ஆக்சிஜன், தண்ணீர் எவ்வளவு ஆழம் வரை தெளிவாகத் தெரிகிறது, கைவலையில் வந்த இனங்கள், விரால் குஞ்சுக் கூட்டம் கண்ட தேதியும் இடமும். தெளிவைப் பார்க்க 20 செ.மீ. தகட்டில் கறுப்பும் வெள்ளையும் பூசிக் கயிற்றில் இறக்கி, மறையும் ஆழத்தைக் குறித்தால் போதும். இடத்தையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். இந்த வருடம் தொடங்குவதாக இருந்தால் பிப்ரவரிக்குள் முதல் அளவை எடுத்துவிடுங்கள், கோடை மழைக்கு முந்தைய நிலை என்ன என்று தெரியாவிட்டால் பிறகு எதோடும் ஒப்பிட முடியாது.